இல்லத்தில் பிறந்த அருங்காட்சியகங்கள்: அமெரிக்கக் கறுப்பர் வரலாற்றுக் கொண்டாட்டத்தில் குடும்பச் செயல்பாடுகளின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரித் திங்கள் கறுப்பர் வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அம்மாதத்தில் உள்ளூர் அருங்காட்சியகங்கள் குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து பங்குகொள்ளும் செயல்பாடுகளை நடத்துகின்றன. கதை சொல்லல், ஒட்டுத்துணிப் போர்வை தைத்தல், குடும்ப மரம் வரைதல், வரலாற்று நிகழ்வுகளை நடித்துக் காட்டல் ஆகியன அவற்றுள் சில. துயரம் மிகுந்த ஒரு வரலாற்றை இவை விழாவாகச் சுருக்கிவிடுகின்றன என்னும் குறை பலராலும் கூறப்படுகிறது. கறுப்பர் வரலாறு குடும்பத்தின் கைகளாலும் வாய்மொழியாலும் காக்கப்பட்ட ஒன்று. அதற்கான அருங்காட்சியகங்களும் வீடுகளிலும் குடியிருப்புகளிலுமே தோன்றின. எனவே குடும்பச் செயல்பாடு அவ்வரலாற்றுக்கு இயல்பான ஒரு வடிவமே என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதே வேளையில், எவ்வகைச் செயல்பாடு உண்மையைக் காக்கிறது, எவ்வகைச் செயல்பாடு அதைத் திரிக்கிறது என்பதற்கான அளவுகோல்களையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கறுப்பர் வரலாற்று மாதம், உள்ளூர் அருங்காட்சியகம், குடும்பச் செயல்பாடு, வாய்மொழி மரபு, கார்ட்டர் வுட்சன், அனகோஸ்டியா.

முன்னுரை

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பேழைகளும் 'தொடாதீர்' என்னும் அறிவிப்பும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. குழந்தைகள் தொட்டும் செய்தும் கேட்டும் கற்கும் இடமாக அருங்காட்சியகம் வளர்ந்திருக்கிறது. செடிகொடிகளைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ கற்பிக்கும்போது இம்முறையில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. மனிதரை மனிதர் விற்ற வரலாற்றைக் கற்பிக்கும்போது கேள்விகள் எழுகின்றன. ஆறு வயதுக் குழந்தையிடம் அடிமை முறையைப் பற்றி என்ன சொல்வது? வண்ணத்தாளும் பசையும் கொண்டு செய்யும் ஒரு கைவேலை அவ்வரலாற்றின் எடையைத் தாங்குமா? முழு உண்மையையும் சொன்னால் குழந்தை அஞ்சும். மறைத்தால் வரலாறு பொய்யாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேடுவதே இத்துறையில் பணியாற்றுவோர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல்.

இக்கட்டுரையில் ஆளப்படும் சொற்களைக் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 'அடிமை' என்னும் சொல் ஒருவரின் இயல்பையே குறிப்பதுபோல் ஒலிக்கிறது. 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்னும் சொல்லோ பிறர் அவர்மீது செலுத்திய வன்முறையைப் புலப்படுத்துகிறது. அமெரிக்க அருங்காட்சியகங்களின் விளக்கப் பலகைகளிலும் இத்தகைய சொல்மாற்றம் அண்மைக் காலத்தில் பரவலாகியுள்ளது. அதனை ஒட்டி இக்கட்டுரையும் இரண்டாவது சொல்லையே பெரிதும் கையாள்கிறது. 'நீக்ரோ' என்னும் சொல் பழைய அமைப்புகளின் பெயர்களில் மட்டும் இடம்பெறுகிறது.

வரலாற்று வாரத்தின் தோற்றம்

கறுப்பர் வரலாற்று மாதத்தின் மூலவர் கார்ட்டர் ஜி. வுட்சன். இவர் 1875-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். இவருடைய பெற்றோர் இருவரும் அடிமைப்படுத்தப்பட்டிருந்து விடுதலை பெற்றவர்கள். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த வுட்சன், இருபது வயதளவிலேயே உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. ஆயினும் 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற இரண்டாவது ஆப்பிரிக்க அமெரிக்கர் இவர்; முதலாமவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ்.

வுட்சன் 1915-இல் சிகாகோவில் நீக்ரோ வாழ்வு மற்றும் வரலாற்று ஆய்வுக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டில் ஆய்வாளர்களுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். ஆய்வு இதழ் மட்டும் போதாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1926 பிப்ரவரியில் 'நீக்ரோ வரலாற்று வாரம்' அவரால் தொடங்கப்பெற்றது. 1937-இல் பள்ளி ஆசிரியர்களுக்கென மற்றோர் இதழும் வெளிவரலாயிற்று. வரலாற்று வாரத்தை முன்னிட்டு அவருடைய கழகம் பள்ளிகளுக்குப் படங்களையும் சுவரொட்டிகளையும் பாடக் குறிப்புகளையும் சிறுவர் நடிப்பதற்குரிய நாடகங்களையும் அனுப்பிவைத்தது. முறையான ஆய்வையும் குழந்தைகளுக்கான செயல்பாட்டையும் ஒரே மனிதர் ஒரே நோக்கத்துடன் வளர்த்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பின்னாளைய அருங்காட்சியகச் செயல்பாடுகளின் முன்வடிவத்தை அவர் அனுப்பிய பொதிகளில் காணலாம்.

பிப்ரவரியின் இரண்டாவது வாரத்தை அவர் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12. ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுவது பிப்ரவரி 14. இவ்விரு நாள்களையும் கறுப்பின மக்கள் முன்னரே கொண்டாடி வந்தனர். புதிய விழா ஒன்றைப் புகுத்தாமல், மக்களிடம் நிலவிய வழக்கத்தின்மீதே வுட்சன் தம் திட்டத்தை அமைத்தார்.

இவற்றுள் டக்ளஸின் பிறந்தநாள் தனியே நோக்கத்தக்கது. மேரிலாந்தில் அடிமைப்படுத்தப்பட்ட தாய்க்குப் பிறந்த டக்ளஸுக்குத் தாம் பிறந்த நாள் தெரியாது. தாயிடமிருந்து குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டவர் அவர். பிப்ரவரி 14 என்பது பின்னாளில் அவரே தமக்கென வைத்துக்கொண்ட நாள். பிறந்தநாளை ஆவலோடு எதிர்நோக்கும் எந்தக் குழந்தைக்கும் இச்செய்தி உடனே விளங்கும். அடிமை முறை என்பது சவுக்கும் சங்கிலியும் மட்டுமன்று. ஒருவர் தம் பிறந்தநாளைக்கூட அறியவிடாமல் செய்வதும் அதுவே. குழந்தையை அச்சுறுத்தாமல் உண்மையின் ஆழத்தைக் காட்ட இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1970-இல் ஒகையோவிலுள்ள கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களும் ஆசிரியர்களும் இவ்விழாவை ஒரு மாதம் முழுவதும் கொண்டாடினர். வுட்சன் தொடங்கிய வாரத்தை அவருடைய கழகமே 1976-இல் மாதமாக விரித்தது. அவ்வாண்டு குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு அதனை ஏற்று அறிக்கை வெளியிட்டார். வுட்சனின் கருத்துப்படி, இவ்வாரம் ஆண்டு முழுதும் கற்றதை எடுத்துக்காட்டும் நிறைவு நிகழ்ச்சியே. கல்வியை ஒரு வாரத்துக்குள் அடைப்பது அவருடைய நோக்கமன்று. 'ஒரு மாதத்துக்குள் வரலாற்றை அடைத்துவிடுகிறார்கள்' என்னும் இன்றைய குறைக்கான விடை, விழாவைத் தோற்றுவித்தவரின் எண்ணத்திலேயே அமைந்துள்ளது.

வீடும் குடியிருப்பும் அருங்காட்சியகமாதல்

வுட்சனின் கழகம் அறிவையும் பாடப்பொருளையும் வழங்கியது. பொருள்களைச் சேர்த்துவைக்கும் இடம் அதன் பின்னரே உருவாயிற்று. நகரத்துப் பெரிய அருங்காட்சியகங்கள் கறுப்பின மக்களின் வாழ்வைப் பெரிதும் புறக்கணித்த காலத்தில், அப்பணியை அம்மக்களே தம் வீடுகளில் தொடங்கினர்.

சிகாகோவில் ஓவியரும் பள்ளி ஆசிரியருமான மார்கரெட் பரோஸ், தம் கணவர் சார்லஸ் பரோஸுடனும் நண்பர்கள் சிலருடனும் சேர்ந்து 1961-இல் தம் வீட்டின் கீழ்த்தள அறைகளில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். குடும்பம் வாழ்ந்த அந்த வீட்டுக்கே பள்ளிக் குழந்தைகளும் வந்து சென்றனர். 1968-இல் அது சிகாகோவின் முதல் குடியேறியாகக் கருதப்படும் கறுப்பின வணிகர் ஜான் பாட்டிஸ்ட் புவான் டு சாபிளின் பெயரைப் பெற்றது. 1973-இல் வாஷிங்டன் பூங்காவிலுள்ள பெரிய கட்டடத்துக்கு இடம் மாறியது.

டெட்ராய்ட் நகரில் 1965-இல் இத்தகைய முயற்சியைத் தொடங்கிய சார்லஸ் எச். ரைட் ஒரு மகப்பேற்று மருத்துவர். இவர் நிறுவிய அருங்காட்சியகமும் முதலில் ஒரு வீட்டிலேயே இயங்கியது. விரைவிலேயே, ஊர்தியால் இழுத்துச் செல்லப்படும் நடமாடும் காட்சிக்கூடம் ஒன்றும் உருவாக்கப்பட்டது. மக்கள் அருங்காட்சியகத்தைத் தேடி வராவிடில் அருங்காட்சியகம் மக்களைத் தேடிச் செல்லவேண்டும் என்னும் எண்ணம் இதில் வெளிப்படுகிறது. இன்று அந்நிறுவனம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

வாஷிங்டன் நகரின் அனகோஸ்டியா பகுதியில் நிகழ்ந்தது சற்று வேறுபட்டது. அங்கு ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967 செப்டம்பரில் மூடப்பட்ட திரையரங்கு ஒன்றில் குடியிருப்பு அருங்காட்சியகத்தைத் திறந்தது. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஜான் கினார்டு அப்பகுதிச் சமூகப் பணியில் ஈடுபட்டிருந்த இளைஞர். தொடக்கக் காட்சியில் பழங்கால மளிகைக்கடையின் மாதிரியும் குழந்தைகள் ஏறிப் பார்க்கத்தக்க விண்கலமும் சிறிய விலங்குக் கூடமும் இடம்பெற்றன. 1969-இல் இவ்வருங்காட்சியகம் எலிகளைப் பற்றிய ஒரு கண்காட்சியை நடத்தியது. அக்குடியிருப்பின் குழந்தைகள் நாள்தோறும் சந்தித்த சிக்கல் அது. உயிருள்ள எலிகளே காட்சியில் வைக்கப்பட்டன. வறுமையும் நகராட்சியின் புறக்கணிப்பும் எவ்வாறு எலித் தொல்லையாக வீட்டுக்குள் நுழைகின்றன என்பதை அக்காட்சி விளக்கிற்று. அருங்காட்சியகத்துக்குத் தக்க பொருள் எது என்பதைக் குழந்தையின் அன்றாட வாழ்வை முன்வைத்துத் தீர்மானித்த துணிவு இதில் புலனாகிறது. டக்ளஸ் தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த இல்லமும் இதே அனகோஸ்டியாவில்தான் உள்ளது.

இம்மூன்று நிறுவனங்களின் வரலாற்றையும் ஒருங்கே நோக்கினால், உள்ளூர்க் கறுப்பர் அருங்காட்சியகங்களுக்குக் குடும்பச் செயல்பாடு பின்னாளில் சேர்க்கப்பட்ட கவர்ச்சி அன்று என்பது தெளிவாகிறது. தொடக்கத்திலிருந்தே அது அவற்றின் அடித்தளமாக இருந்துவந்துள்ளது.

குழந்தையிடம் சொல்லவேண்டிய தேவை

'இத்தகைய வரலாற்றைக் குழந்தைகள் வளர்ந்தபின் அறிந்துகொள்ளட்டும்' என்பார் உளர். உளவியலாளர் இணையரான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் ஆகியோரின் பொம்மைச் சோதனை இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம், நிறம் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த பொம்மைகளைக் காட்டி அவர்கள் வினவினர். நல்ல பொம்மை எது, விளையாட விரும்பும் பொம்மை எது என்னும் வினாக்களுக்குப் பெரும்பான்மைக் குழந்தைகள் வெள்ளை நிறப் பொம்மையையே சுட்டினர். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு, பிரிவினை குழந்தைகள் மனத்தில் விளைவிக்கும் தீங்கைக் குறிப்பிடுகையில் கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது.

இச்சோதனை உணர்த்தும் உண்மை எளியது. பெற்றோர் வாய்திறவாமல் இருந்தாலும் சமூகம் குழந்தைக்குப் பாடம் நடத்திக்கொண்டேயிருக்கிறது. மூன்று வயதிலேயே நிறத்தின் மதிப்பைக் குழந்தை கற்றுவிடுகிறது. எனவே 'சொல்வதா, வேண்டாவா' என்னும் வினா பொருளற்றுப் போகிறது. 'யார், எங்கே, எவ்வாறு சொல்வது' என்பதே எஞ்சி நிற்கும் வினா. பெற்றோர் அருகில் இருக்க, அறிந்தவர் ஒருவர் வழிநடத்த, கையால் ஒன்றைச் செய்துகொண்டே கேட்கும் வாய்ப்பை உள்ளூர் அருங்காட்சியகம் அளிக்கிறது. விடை தெரியாத வினாக்களை வீட்டுக்குச் செல்லும் வழியிலும் தொடர்ந்து பேச அதனால் இயலுகிறது.

செயல்பாடு ஒன்று: ஒட்டுத்துணிப் போர்வை

கறுப்பர் வரலாற்று மாதத்தில் பரவலாக நடைபெறும் கைவேலை, குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வையைச் சார்ந்தது. குழந்தைகள் துணித் துண்டுகளையோ வண்ணத்தாள்களையோ சதுரங்களாக வெட்டி ஒட்டுவர். இச்செயல்பாட்டுக்கு உறுதியான வரலாற்று அடிப்படை உண்டு. தென் கரோலினாவில் 1740-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைப்படுத்தப்பட்டோருக்கு எழுதக் கற்பிப்பதைத் தடைசெய்தது. பின்னர்ப் பிற மாநிலங்களிலும் கல்விக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. எழுத்து மறுக்கப்பட்ட இடத்தில் துணியும் ஊசியும் நினைவின் கருவிகளாயின.

ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமைப்படுத்தப்பட்ட நிலையில் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் காட்சிகளைத் துணியில் அமைத்த போர்வையை 1880-களில் உருவாக்கினார். வறுமையின் காரணமாகப் பின்னர் அதனை விற்க நேர்ந்தபோது, பத்து டாலர் கேட்ட அவருக்கு ஐந்து டாலரே கிடைத்தது. வாங்கிய ஓவிய ஆசிரியையிடம் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் விளக்கிச் சொன்னார். அவ்விளக்கம் எழுத்தில் பதிவாயிற்று. பிரிய மனமின்றி, அப்போர்வையைக் காணவே பலமுறை அவர் சென்றுவந்தார் என்பர். இன்று அது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அலபாமாவின் கீஸ் பெண்டு என்னும் சிற்றூரில் மிசௌரி பெட்வே என்பவர் 1942-இல், மறைந்த தம் கணவரின் உழைப்பு உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைவுகூரவும் அன்போடு போர்த்திக்கொள்ளவும் அதனை அவர் உருவாக்கினார். இத்தகைய சான்றுகளை முன்வைத்து ஒட்டப்படும் தாள்சதுரம் வெறும் கைவேலையாக நின்றுவிடுவதில்லை. வீட்டிலிருந்து ஒரு பழைய துணியைக் கொண்டுவருமாறும், அது யாருடையது என்று பெற்றோர் குழந்தைக்குச் சொல்லுமாறும் கேட்டாலே அச்செயல்பாடு வரலாற்றின் தன்மையைப் பெற்றுவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தப்பியோடியவர்களுக்கு உதவிய மறைமுக வலையமைப்பு 'நிலத்தடி ரயில்பாதை' எனப்படும். வேலியில் தொங்கவிடப்பட்ட போர்வைகளின் வடிவங்கள் தப்பியோடுவோருக்கு வழிகாட்டும் மறைகுறிகளாக விளங்கின என்னும் கதை, 1999-இல் வெளிவந்த ஒரு நூலின் வழியே புகழ்பெற்றது. பல பள்ளிகளும் அருங்காட்சியகங்களும் இதனை உண்மையெனக் கொண்டு குழந்தைகளுக்குக் கற்பித்தன. ஆனால் ஒரு குடும்பத்தின் வாய்மொழிச் செய்தியே இதற்கு அடிப்படை. அக்காலத்து ஆவணங்களில் சான்று கிடைக்கவில்லை என்று வரலாற்றாய்வாளர் பலரும் மறுத்துள்ளனர்.

கதை இனிமையானது என்பதற்காகச் சான்றற்றதைக் கற்பித்தால், பின்னாளில் அக்குழந்தை சான்றுள்ளவற்றையும் ஐயுறும். சான்றுள்ளவையோ அதனினும் சுவையானவை. ஃபிலடெல்ஃபியாவில் தப்பிவந்தோருக்கு உதவிய வில்லியம் ஸ்டில், அவர்களிடம் பெயர், ஊர், உறவினர் ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதிவைத்தார். 1850-இல் அவ்வாறு தம்மிடம் உதவி நாடி வந்தவர், தாம் அதுவரை கண்டிராத தம் சொந்த அண்ணன் பீட்டர் என்பதை அவர் உரையாடலின் நடுவே கண்டுகொண்டார். குடும்பமாக வரும் பார்வையாளர்க்கு இதனினும் பொருத்தமான வரலாறு வேண்டியதில்லை.

செயல்பாடு இரண்டு: குடும்ப மரம்

குடும்ப மரம் வரைதல் எளிய செயல்பாடாகவே தோன்றும். தாத்தா, பாட்டி, அவர்தம் பெற்றோர் எனக் கட்டங்கள் வரையப்பட்ட தாள் குழந்தையின் கையில் தரப்படும். பல கறுப்பினக் குடும்பங்கள் மேலே செல்லச் செல்ல ஒரு சுவரில் முட்டிக்கொள்கின்றன. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைப்படுத்தப்பட்டோர் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவற்றால் மட்டுமே குறிக்கப்பட்டனர். பெரும்பாலும் பெயர் இல்லை. விடுதலைக்குப் பின் அவர்களுட் பெரும்பாலோரைப் பெயரிட்டுப் பதிவுசெய்த முதல் கணக்கெடுப்பு 1870-ஆம் ஆண்டினது.

இதனை அறியாமல் நடத்தப்படும் செயல்பாடு, கட்டங்களை நிரப்ப இயலாத குழந்தையைக் குறைவாக உணரச் செய்யும். அறிந்து நடத்தினால் அந்த வெற்றுக் கட்டமே பாடமாகும். 'உன் குடும்பத்தார் மறந்துவிடவில்லை. பெயரை எழுதக் கூடாது என்று பிறர் முடிவுசெய்தனர்' என்று சொல்லிக்கொடுக்க அருங்காட்சியகப் பணியாளர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். விடுதலை பெற்ற மக்கள் பிரிந்துபோன தாயையும் பிள்ளைகளையும் தேடிச் செய்தித்தாள்களில் பல ஆண்டுகள் விளம்பரம் செய்தனர் என்பதையும் உடன் காட்டலாம். எழுதப்படாமையோடு தேடலும் சேர்ந்ததே வரலாறு.

பதிவேட்டில் இல்லாத உறவு ஒரு பொருளில் வாழ்ந்ததற்கு 'ஆஷ்லியின் பை' சான்றாகும். தென் கரோலினாவில் ஒன்பது வயதில் விற்கப்பட்ட ஆஷ்லி என்னும் சிறுமிக்கு அவள் தாய் ரோஸ் ஒரு பருத்திப் பையைக் கொடுத்தாள். அதில் ஒரு கந்தல் உடையும் மூன்று பிடி பெக்கான் கொட்டைகளும் தாயின் தலைமயிர்ப் பின்னலும் இருந்தன. அவர்கள் மீண்டும் சந்திக்கவேயில்லை. ஆஷ்லியின் பேத்தி ரூத் மிடில்டன் 1921-இல் இச்செய்தியை அப்பையின்மீதே நூலால் எழுதிவைத்தார். 2007-இல் டென்னசியில் ஒரு பழம்பொருள் சந்தையில் கிடைத்த இப்பை, 2016-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பேச்சு, நூலெழுத்தாகி, தேசத்தின் நினைவாக உயர்ந்த பாதை இது.

அத்தேசிய அருங்காட்சியகத்தின் தொகுப்பும் இவ்வாறே வளர்ந்தது. கட்டடம் எழுமுன்பே, 2008 முதல், அதன் பணியாளர்கள் பல நகரங்களுக்குச் சென்று மக்கள் தம் வீட்டுப் பழம்பொருள்களைக் கொண்டுவரச் செய்து, அவற்றைக் காக்கும் முறைகளைக் கற்பித்தனர். திறப்பு நாளில், அடிமைப்படுத்தப்பட்ட நிலையில் பிறந்த ஒருவரின் மகளான 99 வயது ரூத் ஆடம் பானர், தம் குடும்பத்தின் நான்கு தலைமுறையினர் சூழக் குடியரசுத் தலைவர் ஒபாமாவுடன் மணியை ஒலிக்கச் செய்தார். அடிமை முறை எட்டாத பழங்காலத்தது அன்று. ஒரு மகளின் வாழ்நாள் தொலைவிலேயே அது உள்ளது என்பதை அக்காட்சி உணர்த்திற்று.

செயல்பாடு மூன்று: நடித்தலும் பங்கேற்றலும்

மூன்றாம் வகைச் செயல்பாடே மிகுந்த கவனத்தை வேண்டுவது. 1994 அக்டோபரில் வர்ஜீனியாவின் காலனிய வில்லியம்ஸ்பர்க் வரலாற்று நகரில் அடிமை ஏலம் ஒன்று நடித்துக் காட்டப்பட்டது. பொதுமக்கள் உரிமை அமைப்பினர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அங்குப் பணியாற்றிய கறுப்பின வரலாற்று விளக்குநர்களே அதனைத் திட்டமிட்டு நடித்தனர். அத்துறையின் தலைவர் கிறிஸ்டி கோல்மனே ஏலத்தில் விற்கப்படும் பெண்ணாக நின்றார். எதிர்த்தவருள் ஒருவர் நிகழ்ச்சியைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பயிற்சிபெற்ற பெரியவர்கள் தம் விருப்பத்தால் ஏற்று நடித்தபோதே இத்தனை விவாதம் எழுந்தது எனில், குழந்தைகளை விற்கப்படுவோராகவும் விற்போராகவும் நிற்கவைப்பது எத்தகைய தீங்காகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு மாறான சான்றுகளும் உள்ளன. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையர்க்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட கடை உணவுமேடையில் அமர்ந்து உள்ளிருப்புப் போராட்டத்தைத் தொடங்கினர். அம்மேடையின் ஒரு பகுதி அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் அருகே நடிகர் ஒருவர் பயிற்றுநராக நின்று, பார்வையாளர்களை அறவழிப் போராட்டப் பயிற்சிக்கு வந்தவர்களாகப் பாவித்து வினவும் நிகழ்ச்சியை அவ்வருங்காட்சியகம் நடத்திவந்துள்ளது. வசை பொழிந்தால் என் செய்வாய்? தள்ளிவிட்டால் என் செய்வாய்? குழந்தையும் பெற்றோரும் அருகருகே நின்று இவ்வினாக்களுக்கு விடை தேடுவர்.

இண்டியானாபொலிஸ் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் 2007-இல் திறக்கப்பட்ட ஒரு காட்சிக்கூடத்தில் ரூபி பிரிட்ஜஸின் வகுப்பறை மீளமைக்கப்பட்டுள்ளது. 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குக் கூட்டாட்சிக் காவலர் துணையுடன் சென்ற ஆறு வயதுச் சிறுமி ரூபி. வெள்ளையினப் பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ள, அவ்வாண்டு முழுதும் ஆசிரியை பார்பரா ஹென்றியிடம் தனியொருத்தியாகப் பயின்றாள். வெற்று மேசைகளுக்கு நடுவே அமரும் குழந்தைக்கு நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

இவ்விரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. உணவுமேடையில் அமர்ந்தவர்கள் அச்செயலைத் தாமே தேர்ந்தவர்கள். ஏல மேடையில் நின்றவர்களுக்குத் தேர்வு இருந்ததில்லை. ஒருவர் எடுத்த முடிவை நடித்துப் பார்த்து உணர முடியும்; ஒருவர்மீது சுமத்தப்பட்ட துன்பத்தைச் சில நிமிட நடிப்பால் உணர்ந்துவிட்டதாக எண்ணுவது மயக்கமே. துன்பத்தைச் சான்றுகளின் வழி கேட்டறியவேண்டும். துணிவையும் தேர்வையும் பயின்று பார்க்கலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• கறுப்பர் வரலாற்றுக் கொண்டாட்டம் அதன் தொடக்கம் முதலே குழந்தைகளையும் முறையான ஆய்வையும் ஒருங்கே கருதியது. குடும்பச் செயல்பாடு ஆய்வுக்குப் புறம்பானதன்று.

• சிகாகோவிலும் டெட்ராய்டிலும் வீடுகளிலும், அனகோஸ்டியாவில் குடியிருப்பின் நடுவிலும் அருங்காட்சியகங்கள் தோன்றின. ஆதலின் அங்குக் குடும்பங்கள் வெறும் பார்வையாளராக அமையாமல் வரலாற்றைக் காத்தோரின் வழித்தோன்றல்களாகவும் உடனுழைப்போராகவும் அமைகின்றன.

• ஒரு செயல்பாட்டின் தகுதியை மூன்று வினாக்களால் அளக்கலாம். அதன் பின்னணியில் சான்று உள்ளதா? எழுதப்படாததையும் இழந்ததையும் மறைக்காமல் காட்டுகிறதா? குழந்தையைத் துன்பத்தின் பாத்திரமாக நிறுத்தாமல், சிந்தித்து முடிவெடுப்பவராக நிறுத்துகிறதா?

• இவ்வினாக்களுக்கு ஈடுகொடுக்கும் செயல்பாடு பிப்ரவரியோடு முடிவதில்லை. வீட்டில் கிடக்கும் பழந்துணியும் பெயரில்லாத பழைய நிழற்படமும் ஆண்டு முழுதும் பேசக்கூடியவை.

குழந்தைக்கு உண்மையைச் சொல்லும் துணிவும் அதனைத் தாங்கும் வடிவமும் ஒருசேர அமையவேண்டும். ரோஸ் தன் மகளுக்குத் தந்த பையில் அவ்விரண்டும் இருந்தன. உள்ளூர் அருங்காட்சியகத்தின் மேசைமீது விரிக்கப்படும் துணித் துண்டும் வெற்றுக் கட்டமிட்ட தாளும் அவ்வளவு பொறுப்போடு தயாரிக்கப்படுமாயின், கொண்டாட்டம் என்னும் சொல் வரலாற்றின் எடையைக் குறைக்காது. அவ்வெடையைத் தலைமுறைகள் பகிர்ந்து சுமக்கவே அது வழிகோலும்.